ஒன்றரை

புறநோயாளிப் பதிவேட்டில் நாலாவது கட்டம்:
நோவு தொடங்கிய நேரம்.
கட்டைவிரல் அகலம்தான் இருக்கும்.
மணிக்கொரு புள்ளிக்கோடு, நிமிடத்துக்கொன்று.
அதற்குள் அடங்குகிற மாதிரி
திருப்பூரில் யாருக்கும் நோவு வருவதில்லை.

"ஒரு ஷிப்டா தலைவலிங்க."
"அரை ஷிப்டுக்கு முன்னால கத்திரி பட்டிருச்சுங்."
"மூணு ஷிப்டா சோறு எறங்கலீங்."

ஈ.எஸ்.ஐ.யில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில்
காலண்டருக்குப் பின்னால் ஒரு கணக்கு எழுதி வைத்தேன்.
காலை எட்டரைக்கு ஏறினால்
மாலை ஐந்தரைக்கு ஒன்று.
ராத்திரி எட்டரைக்கு ஒன்றரை.
அதையும் தாண்டி மணி ஒன்றானால் இரண்டு.
கண்டெய்னர் கிளம்புகிற வாரத்தில் விடியவிடிய;
அதற்கு ஃபுல்நைட் என்று தனிப்பேர்.
வந்தவர் சொல்லச் சொல்ல
மனசுக்குள் பெருக்கி
மணியாக மாற்றி எழுதிவிடுவேன்.
கை ஓடியது. எனக்கே கொஞ்சம் பெருமை.

பையனுக்கு வாங்கிய அகராதியில் ஒருநாள்
அந்தச் சொல்லைத் தேடினேன்.
முதல் அர்த்தம் நகர்தல்.
அப்புறம் இடம் மாறுதல்.
வேலைமுறை என்பது
பக்கம் திரும்பிய பிறகு, ஆறாவதோ ஏழாவதோ.
இங்கே அதுதான் முதல்.
பழனிக்குப் போய்வர ஒன்று.
ஒறம்பரை வீட்டுக் கல்யாணம் என்றால் இரண்டு நட்டம்.
நாளெல்லாம் முக்காலியை விட்டு
ஒரு சாண் நகராதவர்கள்
வாடகை ஏறும்போதெல்லாம்
அனுப்பர்பாளையத்திலிருந்து வேலம்பாளையத்துக்கு
பீரோவையும் மிக்சியையும் டெம்போவில் ஏற்றி
"வூடு ஷிப்ட் பண்றோமுங்" என்கிறபோது
அகராதியின் முதல் அர்த்தமும்
எப்படியோ பிழைத்துக்கொள்கிறது.

கமலவேணி ஒரு புதன்கிழமை வந்தாள்.
ஓவர்லாக் டெய்லர்.
மாலை ஐந்தரை தாண்டி ஐந்து நிமிடம்.
தலைமுடியில் பஞ்சுத்தூசி,
வலப்பக்க அடிவயிற்றில் கை.
"எப்பருந்து வலி?"
"ஒன்றரை ஷிப்டா இருக்குதுங்ணா."

பன்னிரண்டு மணி நேரம்.
இன்று காலை ஐந்தரை என்று எழுதி
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

டாக்டர் அழுத்திப் பார்த்தவர்
சீட்டைப் பார்த்தார், மறுபடி வயிற்றைப் பார்த்தார்.
"பன்னெண்டு மணி நேர வயிறு இல்லையே இது.
நேத்து என்ன பண்ணிட்டிருந்தே?"

"நேத்து பொழுதோட டீ குடிச்சிட்டு உக்காந்தப்ப
வலி புடிச்சுதுங்.
எட்டரை வரைக்கும் அரை.
இன்னைக்கு முழுசும் ஒண்ணு.
ஒன்றரைங்க."

"ராத்திரி?"

"ராத்திரி வூட்டுலதானுங்ளே."

"வலி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்.
பொரண்டுட்டே கெடந்தேன்.
அது ஷிப்டுல வராதுங்ளே."

நூற்றியெட்டு வந்தது.
அவிநாசி ரோட்டில் கோயமுத்தூருக்குப் போனாள்.
நான் சிவப்பு மையில் அடித்து
நேற்று மாலை ஐந்தரை என்று திருத்தி
சிறுகையொப்பம் வைத்தேன்.
காலண்டரைத் திருப்பி
கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.
எட்டரைக்கும் எட்டரைக்கும் நடுவில்
ஒரு வரி கூட எழுதியிருக்கவில்லை.

பதினொன்றாம் நாள் வந்தாள், தையல் பிரித்து,
லீவு சர்ட்டிபிகேட்டுக்காக.
"மொத்தம் பதினஞ்சு நாள் எழுதியிருக்காங்கம்மா."
விரலைக் கூட மடக்கவில்லை அவள்.
"இருவத்திரெண்டரை போச்சு."

இப்போதெல்லாம் எல்லாரிடமும் கேட்கிறேன்:
"ராத்திரியையும் சேத்துச் சொல்லுங்க."
சிலர் யோசிக்கிறார்கள்.
ஒரு அயர்ன்மாஸ்டர், நாச்சிமுத்து என்று பேர்,
தோள்பட்டை வலியோடு வந்தவர்,
குனிந்து சன்னல் ஓட்டைக்கு முகத்தைக் கொண்டுவந்து
நெசமாகவே தெரிந்துகொள்கிற குரலில் கேட்டார்:
"ஏனுங் சார், அதையும் சேத்துக்குவாங்ளா?"